குளிர்தேடிச் செல்லும் குடும்பமும் தங்குமிடமும்

(காத்தான்குடிவாழ் பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, கல்லூரியின் பெருமையையோ, ஆசான்மாரின் அருங்குணங்களையோ எழுதுவேனென்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுத என்னினும் வல்லார் பலருளர். யானோ காத்தான்குடியிற் பிறந்து, நாள்தோறும் சைக்கிளிற் கல்லடிப் பாலங் கடந்து வந்து, இந்துக் கல்லூரியிலே தமிழும் கணக்கும் கற்று, பின்னர் சிறு வாணிபத்தால் வாழ்க்கை நடத்தி வருபவன். கல்லூரி எனக்குத் தந்த கணக்கறிவை வாழ்க்கையில் ஓரிடத்திற் பிரயோகிக்கத் தவறி, அதனால் இடர்ப்பட்ட கதையொன்று என்னிடமுண்டு. அதனையும் அதனாற் கற்ற பாடத்தையும் எழுதுவது, புகழுரை எழுதுவதினும் பயனுடைத்தென எண்ணுகின்றேன். விடயம் சிறிதுதான். குடும்பத்தோடு மலைநாட்டுக்கு விடுமுறை கழிக்கச் செல்பவர் எத்தகைய தங்குமிடத்தைத் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்பதே அது.

இக்காலத்துப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் உலகத்தைக் காண்கின்றனர். சுவிற்சலாந்தில் வாழும் மாமன் மகன் காலிற் பலகை கட்டிக்கொண்டு வெண்பனிச் சரிவிலே வழுக்கிச் செல்லும் படத்தைக் கண்டதும், எங்கள் வீட்டுச் சிறுவன், "வாப்பா, நாங்களும் பனிக்குப் போவோமா?" என்று கேட்டான். காத்தான்குடியின் சித்திரை வெயிலில், ஒருபுறங் கடலும் மறுபுறங் வாவியுமாக நெருங்கிய வீடுகளுக்கிடையே காற்றின்றிப் புழுங்கும் பிள்ளை அவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. பனிச்சறுக்கு விளையாடத்தக்க பனி எம்நாட்டில் எங்குமே பெய்வதில்லை. ஆயினும் பனியின் நிழலைக் காட்டவல்ல இடமொன்றுண்டு. அதுவே நுவரெலியா.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் அந்நகர் அமைந்துள்ளது. ஒவ்வோர் 1,000 மீற்றர் உயர்வுக்கும் வெப்பநிலை சராசரி ஆறரைப் பாகை செல்சியசு குறையுமெனப் பூமிசாத்திர வகுப்பிற் கற்றோமன்றோ? அக்கணக்கின்படி காத்தான்குடியினும் நுவரெலியா பன்னிரண்டு பாகை அளவிற் குளிர்ந்திருத்தல் வேண்டும். சனவரி, பெப்ரவரி மாதங்களில், முகிலற்ற இரவுகளின் முடிவிலே, புற்றரைமீது துகள் உறைபனி படிவதும் உண்டு. ஏழைக் குடும்பத்தான் தன் பிள்ளைக்குக் காட்டக்கூடிய பனி அதுவே.

அந்நகரத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று. 1820களின் பிற்பகுதியிலே ஆளுநர் சேர் எட்வேட் பாண்ஸ் என்பார் அவ்விடத்தை ஆங்கிலேயர் நோய்தீர்ந்து ஓய்வெடுக்கும் தலமாக்கினார். அவர் தமக்கெனக் கட்டிய மாளிகையின் வழிவந்ததே இன்றைய கிராண்ட் ஹோட்டல். 1840களின் இறுதியிற் சாமுவேல் பேக்கர் அங்கே குடியேறி ஆங்கிலப் பண்ணையொன்றை அமைத்தார். 1873இல் ஆளுநர் சேர் வில்லியம் கிறெகறியின் காலத்தில் ஏரி தோன்றியது. 1876இல் ஹில் கிளப் நிறுவப்பட்டது. நீண்டகாலம் அதன் அங்கத்துவம் இந்நாட்டவர்க்குக் கிட்டாதிருந்தது. இவற்றை இங்கே கூறுவதற்குக் காரணமுண்டு. அந்நகரின் பழைய விடுதிகள் இருவர் தங்கும் அறைகளைக் கொண்டு, உணவு பரிமாறும் மண்டபத்தைக் கொண்டு, செல்வமும் ஓய்வுமுடைய சிலருக்காகக் கட்டப்பட்டவை. பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாக ஏழெட்டுப் பேர், பாயும் பானையும் கட்டிக்கொண்டு வருவரென அவற்றைக் கட்டியவர்கள் எண்ணியதேயில்லை. ஆகவே, அவ்வகை விடுதியொன்றில் நம் குடும்பம் பொருந்தாமற் போவது நமது குறையுமன்று, விடுதியின் குறையுமன்று. பொருந்துவதைத் தேடாமையே குறையாகும்.

அக்குறையை யான் செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதம், புத்தாண்டுக்கு அடுத்த வாரத்தில், வயது முதிர்ந்த என் உம்மா, கணவனை இழந்த ராத்தா, மனைவி, மூன்று பிள்ளைகள் ஆகியோருடன் ஏழுபேராக நுவரெலியா சென்றோம். தங்குமிடத்தைக் கைத்தொலைபேசியிற் கண்ட அழகிய படமொன்றைக் கொண்டே தெரிந்தேன். படத்திலே ஏரி தெரிந்தது, பூச்செடிகள் தெரிந்தன, கட்டணம் தெரிந்தது. தெரியாதவை பலவென்பது இரவு எட்டு மணிக்கு அங்கு சென்றடைந்த பின்னரே விளங்கிற்று. வீதியிலிருந்து அவ்விடுதிக்குச் செங்குத்தான படிகள் வழியே இறங்குதல் வேண்டும். முழங்கால் நோயுடைய உம்மா முதற் படியிலேயே நின்று, "மகன், இந்தப் படியில இறங்க எனக்கு ஏலா" என்றார். இருவர் கைத்தாங்கலாக அவரைக் கீழே கொண்டுசென்றோம். கூறப்பட்ட கட்டணம் ஓர் அறைக்கு இருவர் வீதமென்றும், மேலதிகமான ஒவ்வொருவருக்கும் வேறு கட்டணமென்றும் அங்கே கூறினர். சூடேற்றும் கருவிக்குத் தனிக் கட்டணம், கம்பளிகள் போதவில்லை, வெந்நீர் முதல் இருவர் குளித்ததும் முடிந்துபோயிற்று. சமைக்க இடமில்லை. அவ்வூரிலே எமக்கேற்ற ஹலால் உணவகம் தேடி இரவில் அலைந்து, முடிவிற் பாணும் வாழைப்பழமும் வாங்கி வந்தோம். மூன்று நாள் தங்கச் சென்றவர்கள், கைப்பணம் தீர்ந்தமையால் இரண்டாம் நாளே திரும்பினோம். பூங்காவின் வாயிலைக் கண்டோம், உள்ளே செல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் உம்மா ஒன்றும் பேசவில்லை. அவருக்கு என்மீது கோபமில்லை. தம்மால்தான் எங்களுக்கு இடைஞ்சல் என்று அவர் எண்ணிவிட்டார். அவ்வெண்ணமே, செலவான பணத்தைக் காட்டிலும் இன்றுவரை என் நெஞ்சைச் சுடுகின்றது.

அவ்விடுதிக்காரர்மீது பழிகூற யான் முற்படவில்லை. யான் கேட்கவேண்டியவற்றைக் கேட்கவில்லை. அவர் சொல்லாமல் விட்டார். வருவாய் சிறிதாயினுங் கேடில்லை, செலவு அதனை மிஞ்சாதிருக்குமாயின் என்னும் கருத்தை வள்ளுவப் பெருந்தகை கூறிய அதிகாரத்தை எமக்குப் பாடஞ்சொன்ன ஆசான் இதனைக் கேட்டிருப்பாராயின், பிரம்பைத் தேடியிருப்பார். எனவே, அதன்பின் யான் கற்றுக்கொண்டவற்றை ஒழுங்காகக் கூறுகின்றேன்.

முதலாவது, விடுதியைப் பார்க்குமுன் குடும்பத்தைப் பார்த்தல் வேண்டும். செல்பவர் எத்தனைபேர், அவர்களுள் முதியோர் யார், கைக்குழந்தை உண்டா, இரவில் எழுந்து செல்பவர் யார், எவ்வுணவை உண்பர், எதனை உண்ணார் என்பவற்றை ஒரு தாளில் எழுதுக. தங்குமிடம் அத்தாளுக்குப் பொருந்துகின்றதா என்று பார்க்க வேண்டுமேயன்றி, படத்துக்கு மயங்கிக் குடும்பத்தை அதற்குள் அடைக்க முயலலாகாது. குடும்பத்தில் மிகத் தளர்ந்தவர் எவரோ அவருக்கு ஏற்ற இடமே அனைவர்க்கும் ஏற்ற இடமாகும்.

இரண்டாவது, காலம். சித்திரை மாதம் முழுவதும் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். குதிரைப் பந்தயமும், மலர்க் கண்காட்சியும், மோட்டார் வாகனப் போட்டியும் அக்காலத்தில் நடைபெறுவன. நாட்டின் நாலாதிசைகளிலுமிருந்து மக்கள் அங்கே குவிவதால் அறைக் கட்டணம் பன்மடங்கு உயர்கின்றது. வீதியில் வாகனங்கள் ஊர்கின்றன. அதே அறை, அதே கட்டில், அதே குளிர் வேறு மாதத்தில் மலிவாகக் கிடைக்கும். குதிரைப் பந்தயத்தைக் காணவே செல்பவர் சித்திரையிற் செல்லட்டும். குளிரையும் மலையையும் காணச் செல்பவர் அக்கூட்டத்துக்காக ஏன் பணங்கொடுத்தல் வேண்டும்? தைப் பொங்கலின் பின்னரும் பெப்ரவரியிலும் வரும் வாரயிறுதி விடுமுறைகள் இதற்கு மிக உகந்தவை. வானம் தெளிந்திருப்பதும், உறைபனி காணக்கிடைப்பதும் பெரும்பாலும் அக்காலத்திலேயே. வடகீழ்ப் பருவமழை வலுத்திருக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மலைவீதிகளைத் தவிர்த்தல் நலம்.

மூன்றாவது, இடம். நுவரெலியா நகரின் நடுவிலேதான் தங்கவேண்டுமென்ற நியதி எதுவுமில்லை. சுவிற்சலாந்திலே செர்மாட் என்னும் புகழ்பெற்ற பனிமலை ஊருக்கு மோட்டார் வண்டிகள் செல்ல இயலாது. ஐந்து கிலோமீற்றர் கீழேயுள்ள டேஷ் என்னும் சிற்றூரில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் புகைவண்டியில் மேலே செல்கின்றனர். சிக்கனம் விரும்பும் குடும்பத்தினர் அக்கீழூரிலேயே அறையெடுத்துத் தங்கிக் காலையில் மேலே சென்று மாலையில் மீள்வர். செல்வந்தர் நாட்டினரே அவ்வாறு செய்வாராயின், நாம் செய்வதில் என்ன இழிவு? நம் நாட்டிலும் வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை, நானுஓயா ஆகிய ஊர்களில் தங்கி நுவரெலியாவுக்குச் சென்று மீளலாம். பண்டாரவளையின் குளிர் மிதமானது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அதுவே உகந்தது.

இங்கே மட்டக்களப்பார்க்கு ஒரு நற்பேறும் உண்டு. செங்கலடியிலே தொடங்கும் பதுளை வீதி, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளையை அடைந்து, வெலிமடை, ஹக்கலை கடந்து நுவரெலியாவுக்கே செல்கின்றது. அப்பாலும் சென்று பேராதனையில் முடிகின்றது. அதாவது, நம் வாவிக் கரையிலிருந்து மலையின் உச்சிவரை ஒரே நெடுஞ்சாலை. போர் நடந்த ஆண்டுகளிலே பிள்ளைகளோடு அவ்வழி செல்லத் துணிந்தார் அரியர். இன்று காலைத் தொழுகை முடித்துப் புறப்படுபவர், மகா ஓயாவில் வெந்நீரூற்றைக் கண்டு, வழியில் உணவருந்தி, மாலைக்குமுன் மலையேறிவிடலாம். மலையேற்றம் பிள்ளைகளுக்குத் தலைச்சுற்றல் தருமாயின் பதுளையிலிருந்து புகைவண்டியில் நானுஓயா செல்வதும் ஒரு வழியே. 1924இற் பதுளையை எட்டிய அம்மலையகப் பாதை, தெமோதரையை அடுத்துள்ள ஒன்பது வளைவுப் பாலத்தின்மீது செல்வது. பயணமே ஒரு காட்சியாகும். ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலினால் மலைநாட்டின் வீதிகளும் புகைவண்டிப் பாதையும் பெருஞ் சேதமுற்றமையால், புறப்படுமுன் பாதையின் நிலையை விசாரித்துக்கொள்ளல் இன்றியமையாதது.

நான்காவது, நிலத்தின் உறுதி. இதனைப் பலர் கருதுவதேயில்லை. நாம் கடற்கரை மக்கள். 1978இன் சூறாவளியையும் 2004இன் ஆழிப்பேரலையையும் கண்டவர்கள். காற்றையும் நீரையும் அஞ்சத் தெரிந்தவர்கள். மண் நகருமென்பது நமக்குப் பழக்கமில்லை. மேற்கூறிய புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களிலே மண்சரிவினால் மாண்டோர் பலர். இந்தியாவின் இமயமலைச் சாரலில் ஔலி என்னும் பனிச்சறுக்குத் தலமொன்றுண்டு. அதன் அடிவாரத்திலே ஆதிசங்கரர் மடம் அமைந்த ஜோஷிமடம் என்னும் ஊர் உளது. ஔலிக்குச் செல்லும் குடும்பங்கள் பல அவ்வூரிலேயே தங்குவது வழக்கம். 2023 சனவரியில் அவ்வூரின் நிலம் தாழ்ந்து, நூற்றுக்கணக்கான வீடுகளில் வெடிப்புக் கண்டு, ஒன்றன்மீதொன்று சாய்ந்த இரு விடுதிகளை இடித்தகற்ற நேர்ந்தது. சரிவை வெட்டி, தூண்மேல் தூண் நிறுத்தி, காட்சிக்காக எழுப்பப்படும் கட்டிடங்கள் எங்கும் உள்ளன. ஆகவே, மலிவென்றும் காட்சியென்றும் மயங்காது, வீட்டின் பின்புறம் வெட்டிய மண்மேடு நிற்கின்றதா, மழைநீர் ஓடக் கான் உண்டா என்று கேளுங்கள். மழைக் காலமாயின் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தபின் புறப்படுங்கள்.

ஐந்தாவது, அடுக்களை. என் கருத்தில் இதுவே குடும்பத்தானின் தங்குமிடத்துக்கு அச்சாணி. அடுக்களை உள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பதற்கும், அறைகள் எடுத்துக் கடையில் உண்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உதாரணக் கணக்கினால் விளக்குகின்றேன். தொகைகள் விளக்கத்துக்காக யான் எடுத்துக்கொண்டவை. விலைகள் மாறிக்கொண்டேயிருத்தலின் வாசகர் தத்தம் தொகையை இட்டுப் பார்த்துக்கொள்க. ஏழுபேர் இரண்டு இரவு தங்குகின்றனர். ஓர் அறைக்கு இரவொன்றுக்கு 12,000 ரூபாவாக இரண்டு அறைகள் எடுப்பின் 48,000 ரூபா. ஒருவருக்கு ஒருவேளை உணவு 900 ரூபாவாயின், இரண்டு நாளில் ஆறு வேளைக்கு ஏழுபேருக்கும் 37,800 ரூபா. ஆக 85,800 ரூபா. இனி, மூன்று அறையும் அடுக்களையுமுள்ள வீட்டுக்கு இரவொன்றுக்கு 18,000 ரூபாவாயின் 36,000 ரூபா. ஊரிலிருந்து கொண்டுசெல்லும் அரிசி, மா, தேங்காய், அங்கு வாங்கும் மரக்கறி, எரிவாயு யாவுமாக 13,500 ரூபா என்போம். ஆக 49,500 ரூபா. மிச்சம் 36,300 ரூபா. வாகனக் கூலியின் பெரும்பகுதி அதனுள் அடங்கிவிடும். இரு குடும்பங்கள் சேர்ந்து பெரிய வீடொன்றை எடுப்பின் பங்கு இன்னுங் குறையும்.

"இஃது ஆண்மகன் போடும் கணக்கு. விடுமுறையிலுமா பெண்கள் அடுப்படியில் வேகவேண்டும்?" என்று என் ராத்தா கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்கு விடைகூறாத சிக்கனம் சிக்கனமன்று. ஒருவர் ஓய்வைப் பறித்து மற்றவர் பையில் இடுவதாகும். ஆகவே, அடுக்களையுள்ள வீட்டைத் தெரியும் ஆடவன் அங்கே தானே சமைக்கக் கடவன் என்பதை இவ்விதியின் பிரிக்கவியலாத பகுதியாகச் சேர்த்துக் கொள்கின்றேன். அது முடியாதவர் அறையெடுத்துக் கடையில் உண்பதே நேர்மை.

ஆறாவது, கேட்கவேண்டியவை. தொலைபேசியில் இவற்றைக் கேட்டு, விடையை எழுத்திற் பெற்றுக்கொள்ளுங்கள். கட்டணம் வீட்டுக்கா, அறைக்கா, ஆளுக்கா? வரியும் சேவைக் கட்டணமும் அதனுள் அடங்குமா? வெந்நீர் எப்பொழுதும் உண்டா? ஓர் ஆளுக்குக் கம்பளி எத்தனை? வாகனம் வாயில்வரை வருமா? படிகள் எத்தனை? வான் சாரதி உறங்க இடமுண்டா? சமையற் பாத்திரங்கள் உளவா? முற்பணம் எவ்வளவு, வரவியலாவிடின் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? சாரதியைப் பற்றிய வினாவைச் சிறிதென எண்ணாதீர்கள். இரவு முழுதும் வண்டியில் நடுங்கிய மனிதனின் கையிலேதான் மறுநாள் மலைச்சரிவில் உங்கள் பிள்ளைகளின் உயிர் இருக்கின்றது. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிற் பதிவுபெற்ற வீடுகளும் விருந்தினர் இல்லங்களும் பலவுள்ளன; பதிவுண்டா என்று கேட்பதிலும் தவறில்லை. அரச சேவையிலுள்ள பழைய மாணவர்கள், தத்தம் திணைக்களத்துக்கு மலைநாட்டிலே சர்க்கியூட் பங்களா உண்டா என விசாரிப்பார்களாக. உரியவர் முன்கூட்டியே விண்ணப்பிப்பின் மலிவான இடம் கிடைக்கக்கூடும்.

இவ்விதிகளைக் கைக்கொண்டு மறுமுறை சென்றோம். ஓராண்டு பெப்ரவரி மாதத்துப் பூரணை விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்தது. என்னோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற ஆரையம்பதி நண்பர் குடும்பமும் உடன் வந்தது. அவர் வீட்டார் வெள்ளிக்கிழமைகளிற் சைவ உணவே உண்பர். எங்களுக்கோ ஹலாலன்றி ஆகாது. ஒரு கடையில் இரு குடும்பத்துக்கும் உணவு தேடுவது அரிது; ஓர் அடுக்களையில் இரண்டு பானை வைப்பது எளிது. நகரின் ஓரத்தில், தேயிலைச் செடிகளை அடுத்து, வாயில்வரை வாகனஞ் செல்லும் ஓட்டு வீடொன்று கிடைத்தது. அதன் உரிமையாளர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்து கல்வியால் உயர்ந்த மலையகத் தமிழர். 1823ஆம் ஆண்டு தொடங்கி அம்மலைகளைத் தேயிலையும் கோப்பியுமாக்கிய மக்களின் வழிவந்தவர். பெரிய விடுதிக்குச் செல்லும் பணம் எங்கோ போகும். அவ்வீட்டுக்குக் கொடுத்த வாடகை அவர் மகளின் படிப்புக்குப் போயிற்று என்பதை அவர் வாயாலேயே கேட்டோம். மலிவான தங்குமிடம் தேடுவதால் யாரோ ஒருவரை ஏய்க்கின்றோம் என்று எண்ண வேண்டுவதில்லை.

நண்பரும் யானும் சமைத்தோம். பிட்டு உதிர்ந்துபோயிற்று, பருப்பு அடிப்பிடித்தது. "மச்சான், கணக்கு வாத்தியார் இதுக்கு எத்தனை புள்ளி போடுவார்?" என்று நண்பர் கேட்க, பெண்கள் முற்றத்து வெயிலிலிருந்து சிரித்தனர். யான் நகரப் பள்ளியில் ஜும்ஆத் தொழுகைக்குச் சென்றேன். அவர்கள் ஹக்கலை வீதியிலுள்ள சீதா எலிய அம்மன் ஆலயத்துக்குச் சென்றனர். 2024 மே மாதத்திற் குடமுழுக்குக் கண்ட அவ்வாலயம், சீதாபிராட்டி சிறையிருந்த அசோகவனமென்று நம்பப்படும் இடத்தில் உளது. மறுநாள் அனைவரும் ஹக்கலைப் பூங்காவை முழுமையாகப் பார்த்தோம். 1861இற் சின்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத் தொடங்கப்பட்ட தோட்டம் அது. காய்ச்சல் மருந்துக்காக நட்ட இடம் இன்று கண்ணுக்கு மருந்தாயிற்று. உம்மா ரோசாச் செடிகளுக்கிடையே ஒரு வாங்கில் அமர்ந்து, நண்பரின் தாயாருடன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஒரு வீதியின் இரு பக்கத்து ஊர்கள். ஆயினும் கெட்ட காலங்கள் வந்துபோன பின்னர், அவ்விரு மூதாட்டியரும் அவ்வாறு அமர்ந்து பேச இத்தனை உயரம் ஏறவேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் அதிகாலை, விடியுமுன், எங்கள் சிறுவனை எழுப்பி முற்றத்துக்கு அழைத்துச் சென்றேன். புல்நுனிகள் உப்புத் தூவியவைபோல வெளுத்திருந்தன. குனிந்து விரலால் தொட்டான். "வாப்பா, இதுவா பனி? தொட்டா கரையுது!" என்றான். சுவிற்சலாந்தின் பனிமலை அளவுக்கு அஃதில்லை. ஆயினும் அவனுக்கு அது போதுமாயிருந்தது, எனக்கும் போதுமாயிருந்தது.

"இவ்வளவு கணக்குப் பார்த்துச் செல்வதினும் செல்லாதிருப்பதே சிக்கனமன்றோ?" என்று வினவுவாருளர். பிள்ளையின் தனியார் வகுப்புக்கும் மகளின் கலியாணத்துக்கும் பணம் தேவையாயிருக்க, மலையில் அதனைச் செலவிடுவது வீண் என்பர். கடன்பட்டுச் செல்வதை யானும் ஒவ்வேன். ஆயின் ஒரு குடும்பம் தன் சுவர்களுக்கு வெளியே, வேலையும் வகுப்பும் தொலைக்காட்சியும் இன்றி, மூன்று நாள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பது, எந்தச் செலவுப் பட்டியலிலும் எழுத வகையில்லாத வரவாகும். உம்மா இப்பொழுது இல்லை. அவ்விரண்டாம் பயணம் நிகழாதிருந்தால், மலைநாடென்றதும் என் நினைவுக்கு வருவது இருட்டிய படிகளும் அவர் மௌனமுமாகவே இருந்திருக்கும்.

முடிவாக, விழாக் கொண்டாடும் எமது பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். 1909ஆம் ஆண்டு, செருமனியிலே ரிச்சர்ட் சிர்மான் என்னும் பள்ளி ஆசிரியர் மாணவரோடு நடைப்பயணஞ் செல்கையில் இடிமழையில் அகப்பட்டு, ஒரு கிராமப் பள்ளியில் ஒதுங்கி வைக்கோலிற் படுத்துறங்கினார். விடுமுறையில் வெறுமையாய்க் கிடக்கும் பள்ளிகள் பயணஞ் செய்யும் இளைஞர்க்குத் தங்குமிடமானால் என்னவென்று அவ்விரவிலே அவருக்குத் தோன்றிய எண்ணமே, உலகெங்கும் பரவிய இளைஞர் விடுதி இயக்கத்துக்கு வித்தாயிற்று. நம் நாட்டிலும் கல்விச் சுற்றுலா சென்ற மாணவர் வேற்றூர்ப் பாடசாலை மண்டபங்களிற் பாய் விரித்துறங்கியதை மூத்தோர் மறந்திரார். யான் கேட்பது கட்டிடமன்று, நிதியுமன்று. ஒரு கொப்பி மட்டுமே. சங்க அறையில் ஒரு கொப்பி வைக்கப்படட்டும். மலைநாட்டிலோ, திருகோணமலையிலோ, கதிர்காமத்திலோ குடும்பத்தோடு தங்கி வந்த ஒவ்வொரு பழைய மாணவரும் அதிலே ஊர், திங்கள், கட்டணம், படுக்கை எண்ணிக்கை, அடுக்களை, வெந்நீர், படிகள், நன்மை, தீமை ஆகியவற்றை உண்மையாக எழுதி வைப்பாராக. மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை அதனைப் படியெடுத்து உதவுவாராக. விளம்பரப் படம் கூறாதவற்றை அக்கொப்பி கூறும். அடுத்த சித்திரையிலே எவரேனும் ஓர் இளந்தந்தை, தன் தாயைக் கைத்தாங்கலாகப் படியிறக்கும் நிலைக்கு ஆளாகாமல் அது காக்கும்.

முதற் பக்கத்தை எழுதித் தர யான் ஆயத்தமாயுள்ளேன். எம்மைப் பல ஊர்களிலிருந்தும் ஒரே வாங்கில் இருத்திவைத்த கல்லூரி அன்னை நீடு வாழ்க!